இன்டர்நேஷனல் பள்ளியில் முதல் ஆசிரியர் பணி: ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

எம்.எஸ்சி., பி.எட். முடித்து, முதல் வேலையே இன்டர்நேஷனல் பள்ளியில் அமைய வேண்டும் என்று விரும்பும் தமிழ்நாட்டு இளைஞருக்கு இன்று ஐந்து வழிகள் கண்ணில் படுகின்றன. பெயர்ப் பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று எழுதியிருக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்று. சென்னை, கோவை போன்ற நகரங்களில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) அல்லது பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடத்தும் பள்ளி மற்றொன்று. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் உள்ள உறைவிடப் பள்ளிகள், வளைகுடா நாட்டுப் பள்ளிகள், தாய்லாந்து முதலிய தென்கிழக்காசிய நாட்டுப் பள்ளிகள் ஆகியவை மற்ற மூன்று. இவற்றைப் பெரும்பாலோர் சம்பளத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். குடும்பச் சூழ்நிலை அப்படி ஒப்பிட வைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேர்காணல் குழுக்களில் பலமுறை அமர்ந்தவன் என்ற முறையில் வேறோர் அளவுகோலை முன்வைக்க விரும்புகிறேன்: முதல் இரண்டு ஆண்டுகளில் உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்தபின் உங்களிடம் என்ன பேசப் போகிறார்கள்? இரண்டாவது வேலையின் தரத்தையும் சம்பளத்தையும் முடிவு செய்வது பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான விடைதான்.

பெயரும் பாடத்திட்டமும்

'இன்டர்நேஷனல்' என்ற சொல் பள்ளியின் பெயரில் இருப்பதால் மட்டும் அங்கே பன்னாட்டுப் பாடத்திட்டம் நடக்கிறது என்று கொள்ள முடியாது. சி.பி.எஸ்.இ. வாரியமே 2010இல் 'சி.பி.எஸ்.இ.-ஐ' (CBSE-i) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம் ஒன்றைத் தொடங்கி 2017இல் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று அந்த வாரியத்தோடு மட்டும் இணைந்துள்ள பள்ளி, பெயர் எதுவாக இருந்தாலும், வழக்கமான சி.பி.எஸ்.இ. பாடத்தையே நடத்துகிறது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் விண்ணப்பிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. 1968இல் ஜெனிவாவில் தொடங்கிய ஐ.பி. அமைப்பு, தான் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் எந்தெந்தத் திட்டம் எங்கே நடக்கிறது என்பதோடு வெளியிடுகிறது. தொடக்கநிலைக்கான பி.ஒய்.பி., நடுநிலைக்கான எம்.ஒய்.பி., கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான டிப்ளமா ஆகிய மூன்றையும் எல்லாப் பள்ளிகளும் நடத்துவதில்லை. பத்தாம் வகுப்பு நிலைக்கான ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வை நடத்தும் கேம்பிரிட்ஜ் அமைப்புக்கும் இத்தகைய தேடல் பக்கம் உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளோ ஆசிரியர் எண்ணிக்கை உள்ளிட்ட விவரங்களைக் கட்டாய வெளிப்படுத்தல் என்ற தலைப்பில் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். பத்து நிமிடத்தில் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் நேர்காணலுக்கு வந்து, "உங்கள் பள்ளியில் ஐ.ஜி.சி.எஸ்.இ. உண்டா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியோடு குழுவின் ஆர்வம் பாதி வடிந்துவிடுகிறது.

ஐ.பி. பட்டியலில் இன்னும் இடம்பெறாத, அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் பள்ளிகளையும் கவனிக்க வேண்டும். இவற்றைக் 'கேண்டிடேட்' பள்ளிகள் என்பார்கள். நிலையற்ற இடம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கீகாரம் கிடைக்க வேண்டுமானால் ஆசிரியர்களை ஐ.பி. பயிலரங்குகளுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால், புதியவருக்கும் பள்ளியின் செலவிலேயே பயிற்சி கிடைக்கிற வாய்ப்பு அங்கே அதிகம். பாடத் திட்டமிடலும் முதலிலிருந்து எழுதப்படுவதால், யாரோ எழுதிவைத்ததை நடத்துவதற்குப் பதிலாக உடனிருந்து எழுதக் கற்றுக்கொள்ளலாம்.

நேர்காணல் குழு எதைப் பார்க்கிறது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் வாசலில் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். அனுபவமில்லாதவரை இன்டர்நேஷனல் பள்ளிகள் எடுப்பதே இல்லை என்பது மிகைக்கூற்று. விளம்பரங்களில் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கப்படுவது உண்மை. வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு ஆளெடுத்துத் தரும் சர்ச் அசோசியேட்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் பொதுவாக அதே அளவு அனுபவத்தைத்தான் எதிர்பார்க்கின்றன. ஆனால் இந்தியாவுக்குள் இருக்கும் ஐ.பி., கேம்பிரிட்ஜ் பள்ளிகள் உதவி ஆசிரியர், கற்றல் துணை ஆசிரியர், மகப்பேறு விடுப்பில் செல்பவருக்கான மாற்று ஆசிரியர் ஆகிய பணிகளுக்குப் புதியவர்களை எடுக்கவே செய்கின்றன. அங்கே தேர்வைத் தீர்மானிப்பது டெமோ கிளாஸ்.

ஒரே நாளில் நடந்த இரண்டு டெமோ வகுப்புகளைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு, தலைப்பு அடர்த்தி. முதலில் வந்தவர் நல்ல மதிப்பெண்காரர். வரையறையைப் பலகையில் எழுதி, சூத்திரத்தைப் பெட்டிக்குள் போட்டு, இரண்டு கணக்குகளைச் செய்துகாட்டி, "புரிந்ததா?" என்று கேட்டார். பிள்ளைகள் "எஸ் மிஸ்" என்றார்கள். அடுத்து வந்தவர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, ஓர் ஆரஞ்சைத் தோலோடு போட்டார், அது மிதந்தது. பிறகு அதை எடுத்து உரித்து, மறுபடி போடுவதற்கு முன், "இப்போது எடை குறைந்துவிட்டது, என்ன ஆகும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தன் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். உரித்த பழம் மூழ்கியது. வகுப்பில் சலசலப்பு எழுந்தபோது அவர் உடனே விளக்க வாயெடுக்கவில்லை, காத்திருந்தார். கடைசியில் ஒரு மாணவன் தோலுக்குள் காற்று இருக்கிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னான். நேரம் முடிந்தபோது சூத்திரம் பலகைக்கு வரவே இல்லை. குழு அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. அந்தக் காத்திருப்பு பயிற்சியால் வருவது. முன்பே யாரோ அவர் வகுப்பில் உட்கார்ந்து, "நீங்கள் அவசரப்பட்டு விடை சொல்லிவிடுகிறீர்கள்" என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த யாரோ பி.எட். காலத்திலேயே கிடைக்க முடியும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது, அதன் இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சி இருக்கிறது. பல கல்லூரிகளில் இந்தப் பதினாறு வாரமும் ரெக்கார்டு நோட்டு எழுதுவதில் கரைந்துபோகிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம். அனுபவம் இல்லாத ஒருவரிடம் காட்டுவதற்கு இருக்கும் ஒரே சான்று அதுதான். நடத்திய பாடங்களில் நான்கையாவது முழுமையாக எழுதிவைத்து, மாணவர் வேலைகளைப் பெயரை மறைத்துப் படமெடுத்துச் சேர்த்து, பயிற்சிப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் பரிந்துரைக்கு ஒப்புதல் வாங்கிவைப்பவர், வெறும் மதிப்பெண் பட்டியலோடு வருபவரைவிட ஒரு படி முன்னே நிற்கிறார்.

பெயரளவு இன்டர்நேஷனல் பள்ளி

எளிதில் கிடைப்பது இந்த வேலை. வீட்டுக்கு அருகிலேயே இருக்கும். சேர்ந்த முதல் வாரமே முழு வகுப்பும் கையில் வந்துவிடும். நாற்பது பிள்ளைகள் கொண்ட அறையை அமைதியாக நடத்தக் கற்றுக்கொள்வது சிறிய திறமை அல்ல, அதைப் பின்னாளில் யாரும் பறிக்க முடியாது. ஆனால் என் அளவுகோலில் இது பின்தங்குகிறது. டைம்டேபிள் நிறைந்திருக்கும், எஞ்சிய பீரியடுகளும் விடுப்பிலிருப்பவர் வகுப்புக்குப் போய்விடும், வகுப்பைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் நோட்டுத் திருத்தம் முடிந்ததா, பாடம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதைத்தான் பார்ப்பார். இதிலும் விதிவிலக்கான பள்ளிகள் உண்டு, அவற்றில் வளர்ந்து வந்த மிகச் சிறந்த ஆசிரியர்களை நான் அறிவேன்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில தனியார் பள்ளிகளில் இருக்கிறது. நகலில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அசலைக் காட்டிச் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அசல் பள்ளியின் பீரோவில் இருக்கும்வரை அடுத்த வேலை உங்கள் கையில் இல்லை.

நகரத்து ஐ.பி., கேம்பிரிட்ஜ் பள்ளியில் உதவி ஆசிரியர்

பலரும் தயங்குவது 'உதவி' என்ற முன்னொட்டைப் பார்த்துத்தான். எம்.எஸ்சி. படித்துவிட்டு இன்னொருவர் வகுப்பில் துணை நிற்பதா என்று வீட்டிலும் கேட்பார்கள். சம்பளமும் முழு ஆசிரியருடையதைவிடக் குறைவு. ஆனாலும் ஐந்தில் எதை முதலில் முயல வேண்டும் என்று என்னிடம் கேட்டால் இதையே சொல்வேன்.

காரணம் இந்தப் பாடத்திட்டங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. ஐ.பி. டிப்ளமாவில் மாணவர் ஆறு பாடங்களை எடுக்கிறார்; அவற்றோடு அறிவுக் கோட்பாடு என்ற பாடமும், 4,000 சொற்களுக்குள் எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரையும், சேவை உள்ளிட்ட செயல்பாடுகளும் உண்டு; மொத்த மதிப்பு 45 புள்ளிகள். ஒவ்வொரு பாடத்திலும் மதிப்பெண்ணின் ஒரு பகுதி ஆசிரியரே திருத்தி, பிறகு வெளியிலிருந்து சரிபார்க்கப்படும் அகமதிப்பீட்டிலிருந்து வருகிறது. ஒரு மாணவனின் ஆய்வறிக்கையை அளவுகோலுக்கு ஏற்ப மதிப்பிடுவது எப்படி, எவ்வளவு உதவலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது கடினம். அனுபவமுள்ள ஒருவர் பத்து அறிக்கைகளைத் திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் போட்ட மதிப்பெண்ணையும் அவர் போட்டதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. உதவி ஆசிரியருக்கு அது வேலையின் பகுதியாகவே கிடைக்கிறது.

1988இல் அறிமுகமான ஐ.ஜி.சி.எஸ்.இ. இதைவிட நம் பொதுத்தேர்வு முறைக்கு நெருக்கமானது. பாடப் பட்டியலும் பழைய வினாத்தாள்களும் எளிதில் கிடைப்பதால் சி.பி.எஸ்.இ. பின்னணியில் வருபவர் ஓர் ஆண்டுக்குள் பழகிவிடலாம். ஆகவே இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் ஐ.ஜி.சி.எஸ்.இ. வகுப்பில் தொடங்கி டிப்ளமா வகுப்புக்கு ஏறுவது இயல்பான பாதை.

இந்த வழியில் இருக்கும் ஆபத்து ஒன்றே. சில பள்ளிகளில் உதவி ஆசிரியர் என்பது நகல் எடுப்பதற்கும், வரிசையில் நிற்கவைப்பதற்கும், பேருந்தில் ஏற்றிவிடுவதற்கும் உரிய ஆளாகவே இருந்துவிடும். இரண்டு ஆண்டு கழித்தும் தனியாக ஓர் அலகைத் திட்டமிட்டு நடத்தியதாகச் சொல்ல முடியாவிட்டால் அந்த ஆண்டுகள் வீண். ஆகவே ஒப்புக்கொள்வதற்கு முன்பே, வாரத்தில் எத்தனை பீரியட் நான் பொறுப்பேற்று நடத்துவேன், என்னை யார் பார்வையிடுவார்கள், சென்ற மூன்று ஆண்டுகளில் இங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். நல்ல பள்ளி இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்லும்.

மலைப் பள்ளிகள்

கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901இல் தொடங்கப்பட்டது, 1976இல் ஐ.பி. டிப்ளமாவை ஏற்று, இந்தியாவின் முதல் ஐ.பி. பள்ளியானது. ஊட்டியில் குட் ஷெப்பர்ட், ஹெப்ரான் போன்ற உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. இத்தகைய இடங்களில் கற்பித்தலோடு விடுதிப் பொறுப்பும் சேர்ந்து வருவதுண்டு. மாலை படிப்பு நேரத்தைக் கவனிப்பது, வார இறுதியில் மலையேற்றத்துக்கு அழைத்துச் செல்வது, நள்ளிரவில் காய்ச்சல் வந்த பிள்ளையை மருத்துவ அறைக்குக் கொண்டுபோவது என நாள் முழுவதும் பிள்ளைகளோடுதான். தங்குமிடமும் உணவும் பள்ளியே தருவது வழக்கமாதலால் குறைந்த சம்பளத்திலும் சேமிக்க முடியும். சென்னையில் வாடகை கொடுத்து வாழும் உதவி ஆசிரியரைவிட மாத இறுதியில் கையில் மிஞ்சுவது கூடுதலாகக்கூட இருக்கலாம்.

இந்த வழிக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் கருத்து. வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளோடும் சக ஆசிரியர்களோடும் ஒரே மேசையில் சாப்பிட்டு வாழ்ந்த இரண்டு ஆண்டுகள், நேர்காணலில் "பன்னாட்டுச் சூழலில் வேலை செய்ய முடியுமா?" என்ற கேள்விக்குத் தனியாக விடை தேட வேண்டிய தேவையை இல்லாமல் செய்துவிடுகின்றன. ஆங்கிலம் பேசுவதில் இருக்கும் கூச்சமும் அங்கே தானாகவே உடைகிறது. ஆனால் தனிமை உண்டு, குளிர் உண்டு, ஓய்வு நேரம் என்று வகுத்துக்கொள்ள முடியாத நாட்கள் உண்டு. வீட்டில் முதியவர்களைக் கவனிக்க வேண்டியவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் இது பெரும்பாலும் ஒத்துவராது.

வளைகுடா

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதிகம் பேர் ஆசைப்படுவதும் அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கேதான்.

முதலில் வளைகுடாப் பள்ளிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் பிரிட்டிஷ், அமெரிக்க, ஐ.பி. பள்ளிகளும் அருகருகே இருக்கின்றன. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கட்டணம் குறைவு, எனவே ஆசிரியர் சம்பளமும் குறைவு. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் பள்ளிகளில் சம்பளமும் சலுகைகளும் கணிசமாக அதிகம், கல்வியாண்டு ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும். ஆனால் அவை பெரும்பாலும் பிரிட்டனின் ஆசிரியர் தகுதியையும் அந்தப் பாடத்திட்ட அனுபவத்தையும் கேட்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து அனுபவமின்றிப் போகிறவருக்குத் திறக்கும் கதவு நடைமுறையில் முதல் வகைதான். 'துபாயில் இன்டர்நேஷனல் பள்ளி' என்று சொல்லிக்கொண்டாலும், நடத்தப்போவது இங்கே நடத்தும் அதே சி.பி.எஸ்.இ. பாடம்.

அடுத்தது ஆவணங்கள். துபாய் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் பட்டச் சான்றிதழை மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று படிப்படியாக அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்) செய்து, அங்கே போனபின் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்திலும் முத்திரை வாங்க வேண்டும். தற்காலிகச் சான்றிதழ் இதற்குப் பொதுவாகப் போதாது. ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத் தேர்வு முடிந்து, முடிவு வந்து, பட்டமளிப்பு நடந்து அசல் பட்டம் கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆகவே படிப்பு முடிந்த அதே ஆண்டில் முறைப்படி துபாய்க்குப் போவது கடினம். அப்படிப் போகலாம் என்று சொல்லி விசிட் விசாவில் ஏற்றிவிடும் ஏஜென்ட் பேச்சை நம்பக் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வசூலிக்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.; முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமோ ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதையே தடுக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது; லட்சங்களைக் கொடுப்பதற்கு முன் அங்கே ஒருமுறை விசாரிப்பது நல்லது.

ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியே பாருங்கள். அமீரகச் சட்டப்படி ஓராண்டு முடித்தவருக்குப் பணி முடிவுப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். எடுத்துக்காட்டாக, அடிப்படை 3,000 திர்ஹாம் என்றால் ஒரு நாளுக்கு 100. ஆண்டுக்கு 2,100 திர்ஹாம் சேரும். அதே மொத்தத் தொகையில் அடிப்படையை 1,500 என்று காட்டி மீதியைப் படிகளாகப் பிரித்திருந்தால் 1,050தான். தங்குமிடம் பள்ளி தருகிறதா, பணமாகத் தருகிறதா, பகிர்ந்த அறையா என்பதும், ஆண்டு விமானச் சீட்டும், கோடை விடுமுறைச் சம்பளமும் எழுத்தில் இருக்க வேண்டும். வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் குறைந்த சம்பளத்தில் வாடகை அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும்.

துபாய்க்கு ஒரு நன்மை உண்டு. அங்கே கே.எச்.டி.ஏ. என்ற கல்வி ஆணையம் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்து அறிக்கைகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. கற்பித்தல் தரம் மட்டுமல்லாமல் எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர், ஆசிரியர்களில் எத்தனை சதவீதம் பேர் ஓராண்டில் விலகினார்கள் என்பதும் அவற்றில் இருக்கும். ஆசிரியர் விலகல் பற்றிய இத்தகைய விவரம் நம் ஊர்ப் பள்ளிகளைப் பற்றிப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு ஆசிரியர்கள் விலகும் பள்ளியில் உங்களுக்குக் கற்றுத்தர யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

கணவரோ மனைவியோ ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். குடும்ப விசாவில் இருப்பவருக்குத் தங்குமிடம் தர வேண்டியதில்லை என்பதால் பள்ளிகள் விருப்பத்தோடு எடுக்கின்றன, சம்பளத்தைக் குறைத்துப் பேசவும் செய்கின்றன. அந்த நிலையில் இருப்பவர் பிரிட்டிஷ் பள்ளியில் கற்றல் துணை ஆசிரியராகச் சேர முயல்வது, இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் முழு ஆசிரியராவதைவிட நெடுநோக்கில் பயன் தரும் என்பேன்.

தென்கிழக்காசியா

தாய்லாந்தில் கற்பிக்க அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். பணி விசாவும் வேலை அனுமதியும் பள்ளியின் வழியாகவே வரும். ஆங்கிலம் கற்பிக்கும் பணிகளில் இங்கும் வியட்நாமிலும் சீனாவிலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் பாஸ்போர்ட்டுக்கே முன்னுரிமை தரப்படுகிறது. இது அநியாயம் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். ஆனால் முதல் வேலை தேடுபவர் அதோடு மோதி ஓராண்டை இழக்க வேண்டியதில்லை. கணிதம், அறிவியல் ஆசிரியர்களுக்கு நிலைமை மேல். அனுபவம் இல்லாமல் போனால் கிடைப்பது பெரும்பாலும் இருமொழிப் பள்ளிகளில் ஓராண்டு ஒப்பந்தம். வழிகாட்ட ஆள் இருப்பது அரிது. இரண்டாவது வேலையாக இது நன்று, முதல் வேலையாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சான்றிதழ் வாங்கிவிட்டு வேலை தேடலாமா?

பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு நடத்தும் 'பி.ஜி.சி.இ.-ஐ' (PGCEi) என்ற ஆசிரியப் படிப்பு, ஐ.பி. ஆசிரியர் சான்றிதழ் ஆகியவற்றை வேலைக்கு முன்பே கடன் வாங்கிப் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, வேண்டாம். நாள்தோறும் கற்பிக்க ஒரு வகுப்பு இருக்கும்போது இவை பெரும் பயன் தரும். வகுப்பே இல்லாதவருக்கு வெறும் காகிதம். மேலும் 2023 முதல் இங்கிலாந்து அரசு, இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் தகுதி பெற்ற கணித, அறிவியல், மொழி ஆசிரியர்கள் அந்நாட்டின் கியூ.டி.எஸ். என்ற ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி திறந்திருக்கிறது. அதற்குப் பட்டம், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றோடு ஓர் கல்வியாண்டுக் கற்பித்தல் அனுபவமும் வேண்டும். வளைகுடாவின் பிரிட்டிஷ் பள்ளிகள் கேட்பது இந்தத் தகுதியைத்தான். ஆகவே முதலில் வேலை, பிறகு சான்றிதழ் என்ற வரிசையே செலவையும் குறைக்கிறது.

பாடமும் காலமும்

என் பரிந்துரை எல்லோருக்கும் ஒன்றே போலப் பொருந்தாது. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் படித்தவர்களுக்கு நகரத்து ஐ.பி., கேம்பிரிட்ஜ் பள்ளிகளில் எப்போதும் தேவை உண்டு. அவர்கள் முழு ஆசிரியர் பணிக்கே விண்ணப்பித்துப் பார்க்கலாம். தொடக்கநிலை ஆசிரியர்களுக்குப் பி.ஒய்.பி. பள்ளிகளில் உதவி ஆசிரியர் பணியே இயல்பான தொடக்கம். ஆங்கிலம், வரலாறு படித்தவர்களுக்குப் போட்டி கடுமை. மலைப் பள்ளிகளை அவர்கள் முதலில் முயல வேண்டும். தமிழாசிரியர்களைப் பலரும் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழுக்கு உறுதியான இடம் உண்டாகியிருக்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கு அதை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. அந்தத் திறமையை வளர்த்துக்கொண்டவரைப் பள்ளிகள் தேடிப்பிடிக்கின்றன.

விண்ணப்பக் காலத்தைத் தவறவிட்டால் நல்ல தகுதியும் பயன்படாது. வெளிநாட்டுப் பள்ளிகள் அடுத்த ஆகஸ்டுக்கான பணிகளை அக்டோபர், நவம்பரிலேயே அறிவிக்கத் தொடங்கி, பிப்ரவரிக்குள் பெரும்பகுதியை நிரப்பிவிடுகின்றன. வளைகுடாவின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. இந்திய ஐ.பி. பள்ளிகளில் டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். மே, ஜூன் மாதங்களில் யாராவது திடீரென்று விலகும்போது உண்டாகும் இடங்களே புதியவருக்கு அதிகம் கிடைப்பவை. பி.எட். தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

கல்விக் கடனோ குடும்பக் கடனோ கழுத்தை நெரிக்கும் நிலையில், உதவி ஆசிரியர் சம்பளத்தில் இரண்டாண்டு காத்திருக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஓராண்டு அருகிலுள்ள சி.பி.எஸ்.இ. பள்ளியில் முழு வகுப்பு எடுத்து, அதற்குள் அட்டெஸ்டேஷனை முடித்து, கே.எச்.டி.ஏ. ஆய்வறிக்கையில் ஆசிரியர் விலகல் குறைவாக உள்ள துபாய்ப் பள்ளியாகப் பார்த்துச் சேரலாம். சேர்ந்தபின் ஒப்பந்தக் காலத்தை நடுவில் முறிக்காமல் முடிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு அக்டோபரில் அடுத்த இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதைத் தங்கள் முதல்வரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்டர்நேஷனல் பள்ளிகள் பிள்ளைகளின் பாதுகாப்பு கருதி, கடைசியாக வேலை செய்த பள்ளியின் தலைவரிடம் நேரடியாகப் பேசாமல் பொதுவாக யாருக்கும் பணி ஆணை தருவதில்லை.